373 மார்க்கும் 25,000 ரூபாய் அட்வான்ஸும்

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் படித்தவள். பத்தாவதில் 500க்கு 451 வாங்கினாள். பிளஸ் டூவில் பயோ-மேத்ஸ் குரூப் எடுத்து 600க்கு 373தான் வந்திருக்கிறது. தமிழ் 84, இங்கிலீஷ் 61, கணக்கு 52, இயற்பியல் 47, வேதியியல் 58, உயிரியல் 71. ரிசல்ட் வந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை, யாரோடும் பேசுவதில்லை. இயற்பியலை நன்றாகத்தான் எழுதினேன் என்று அழுகிறாள். கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிக்க ஆசைப்பட்டாள். அவள் அப்பாவுக்கு ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை, நான் வீட்டில் பீடி சுற்றுகிறேன். பெங்களூரில் பி.எஸ்சி. நர்சிங் சீட் இருக்கிறது, உடனே 25,000 ரூபாயும் ஒரிஜினல் சர்டிபிகேட்டும் கொடுங்கள் என்று ஒருவர் வீட்டுக்கே வந்து கேட்கிறார். என் அண்ணனோ படித்தது போதும், கல்யாணத்தைப் பார் என்கிறார். இருக்கிற குழப்பத்தில் அவள் செல்போனையும் வாங்கி வைத்துவிட்டோம். என்ன செய்யலாம்?
– ஒரு தாய், பேரணாம்பட்டு

பதில்:

அம்மா, காலேஜ் பேச்சை ஒரு நாள் தள்ளி வையுங்கள். பிள்ளை சாப்பிடாமல், பேசாமல் இருக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ரிசல்ட் வந்து இரண்டு மூன்று நாள் அழுவதும் கதவைச் சாத்திக்கொள்வதும் இயல்பு. ஒரு வாரம் தாண்டியும் தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை, ‘நான் இருந்து என்ன பிரயோஜனம்’ என்கிற மாதிரிப் பேச்சு வருகிறது என்றால் அதை அலட்சியம் செய்யக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து, ‘சாகணும்னு தோணுதாம்மா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது; இருந்தால் வெளியே வரும். அப்படித் தோன்றுகிறது என்று சொன்னால் அவளைத் தனியாக விடாதீர்கள், வீட்டில் இருக்கும் மாத்திரை, பூச்சிமருந்து எல்லாவற்றையும் பூட்டி வையுங்கள், அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். எந்த நேரமும் பேச 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணும், 104 என்ற அரசு உதவி எண்ணும் இருக்கின்றன. இரண்டிலும் தமிழில் பேசலாம், காசு கிடையாது.

இன்னொன்று, பத்தாவது மார்க்கை அவள் காதுபட யாரும் எடுக்க வேண்டாம். பத்தாவதில் அறிவியல் ஒரே பாடம். பிளஸ் டூவில் அது மூன்றாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் இரண்டு புத்தகமாக வருகிறது. பத்தாவதில் 450க்கு மேல் வாங்கி பிளஸ் டூவில் 370களில் நிற்கும் பிள்ளைகள் நம் பக்கத்தில் நிறையப் பேர். சோம்பேறித்தனம்தான் காரணம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

உங்கள் அண்ணனுக்குச் சொல்ல ஒரே பதில் போதும்: பிளஸ் டூ முடித்த பெண்ணுக்கு 17 வயதுதான் இருக்கும், 18 முடியாமல் கல்யாணம் செய்வது குற்றம். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு யாராவது போன் செய்தால் மாப்பிள்ளை வீடு, பெண் வீடு இரண்டு பக்கமும் வழக்கில் நிற்க வேண்டியிருக்கும்.

இனி மார்க் ஷீட்டைக் கையில் எடுங்கள். மொத்தத்தைப் பார்க்காதீர்கள், உள்ளே பிரித்துப் போட்டிருப்பதைப் பாருங்கள். செய்முறை உள்ள பாடத்துக்கு எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. கணக்குக்கு எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. செய்முறையும் அகமதிப்பீடும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு முழுசாகக் கிடைத்துவிடும். உங்கள் மகளுக்கும் அப்படித்தான் என்றால், இயற்பியல் 47இல் 30 அங்கிருந்து வந்தது. தேர்வுத் தாளில் அவள் வாங்கியது 70க்கு 17. எழுத்தில் 15க்குக் கீழே போயிருந்தால் மொத்தம் 35 தாண்டியிருந்தாலும் ஃபெயில்தான். வேதியியல் 70க்கு 28, உயிரியல் 70க்கு 41, கணக்கு 90க்கு 42. இப்போது படம் வேறு மாதிரி தெரிகிறது, இல்லையா? 47, 58, 71 என்று பார்த்தால் படிப்படியாக ஏறுகிற மாதிரி இருக்கிறது. உள்ளே பார்த்தால் உயிரியல் நன்றாக வந்திருக்கிறது, கணக்கு பாதிக்குக் கொஞ்சம் குறைவு, இயற்பியல் மயிரிழையில் தப்பியிருக்கிறது. எந்தப் படிப்பு என்பதை இதை வைத்துத்தான் பேச வேண்டும்.

நன்றாக எழுதினேன் என்கிறாளே, அதைச் சந்தேகப்படவும் வேண்டாம், அப்படியே நம்பவும் வேண்டாம். விடைத்தாள் நகல் வாங்கிப் பாருங்கள். பள்ளி மூலமாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். ரிசல்ட்டுக்குப் பின் சில நாள்தான் அவகாசம் என்பதால் நாளைக்கே தலைமையாசிரியரைப் பாருங்கள். நகலுக்குப் பாடம் ஒன்றுக்கு 275 ரூபாய், அதற்குப் பிறகு மறுமதிப்பீடு கேட்டால் 505 ரூபாய் என்பது கடந்த ஆண்டுகளின் கட்டணம். நகல் வாங்கியவர்கள் மட்டுமே மறுமதிப்பீடு கேட்கலாம். மார்க் கூடவும் செய்யும், குறையவும் செய்யும். 17இல் நிற்கும் தாளில் இரண்டு மார்க் குறைந்தால்கூட விளிம்புதான்.

நகல் வந்ததும் இயற்பியல் ஆசிரியரோடு உட்கார்ந்து, தேர்வுத் துறையின் விடைக்குறிப்பை வைத்துக்கொண்டு பாருங்கள். முதலில் பக்கம் பக்கமாகக் கூட்டல். அடுத்து, எழுதிய விடை எதாவது திருத்தப்படாமல் விடுபட்டிருக்கிறதா என்பது. பிறகு 15 ஒரு மார்க் கேள்விகள். அங்கே அ, ஆ என்ற விருப்பக் குறியீட்டையும் விடையையும் சேர்த்து எழுத வேண்டும். ஒன்று சரி, இன்னொன்று தப்பு என்றால் பூஜ்யம். ‘நன்றாக எழுதினேன்’ என்று வரும் பிள்ளைகள் பலர் இங்கேதான் ஐந்தாறு மார்க்கை விடுகிறார்கள். ஐந்து மார்க் கேள்விகளில் தருவித்தலைப் பாதியில் விட்டிருக்கிறாளா, படம் இல்லையா, கணக்கில் அலகு போடவில்லையா என்றும் பாருங்கள். முழு விடை ஒன்று விடுபட்டிருந்தால் 505 ரூபாய் தாராளமாகக் கட்டலாம். அங்கே ஒரு அரை, இங்கே ஒரு அரை என்று தேடுவதற்குக் கட்ட வேண்டாம், அந்தக் காசுக்குச் சான்றிதழ்களை ஜெராக்ஸ் எடுங்கள். நகலின் பெரிய பயன் மார்க் கூடுவதில் இல்லை. எங்கே போனது என்று அவளே கண்ணால் பார்த்துவிட்டால் அந்த ஏக்கம் அடங்கும்.

பாஸ் செய்த பாடத்தை மார்க் கூட்டுவதற்காகத் திரும்ப எழுத நம் மாநிலப் பாடத்திட்டத்தில் வழி இல்லை. அடுத்த மாதத் துணைத்தேர்வு ஃபெயில் ஆனவர்களுக்கும் தேர்வுக்கு வராதவர்களுக்கும். இம்ப்ரூவ்மென்ட் எழுத வைக்கிறேன் என்று டியூஷன் சென்டர் எதாவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அடுத்து அந்த ஏஜெண்ட். பெங்களூர்க் காலேஜ் எல்லாமே மோசம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ரிசல்ட் வந்த வாரத்தில், பிள்ளை அழுதுகொண்டிருக்கும் வீடாகப் பார்த்து வந்து, ‘இன்றைக்கு விட்டால் சீட் போய்விடும்’ என்று சொல்பவருக்கு உங்கள் மகளைவிடக் கமிஷன் முக்கியம். பி.எஸ்சி. நர்சிங் சேர்க்கை மே மாதத்தில் முடிந்துபோகிற காரியமே இல்லை. இரண்டு மாநிலத்திலும் அது மாதக்கணக்கில் நடக்கும். ஆகவே அவரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். காலேஜ் பெயர் என்ன, இந்திய நர்சிங் கவுன்சில் இணையதளப் பட்டியலில் அது இருக்கிறதா? பெங்களூரின் ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தோடு இணைந்ததா? சொந்த மருத்துவமனை இருக்கிறதா, குறைந்தது 100 படுக்கை உண்டா? நான்கு வருடத்துக்கும் டியூஷன், ஹாஸ்டல், சீருடை, தேர்வு, கிளினிக்கல் பயிற்சி எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று காலேஜ் லெட்டர்பேடில் எழுதித் தருவார்களா? கடைசிக் கேள்விக்கே பெரும்பாலானோர் போனை எடுக்க மாட்டார்கள். முதல் வருடம் குறைவாகச் சொல்லி, இரண்டாம் வருடத்திலிருந்து அந்தக் கட்டணம் இந்தக் கட்டணம் என்று ஏற்றுவதுதான் வழக்கம். அப்போது பிள்ளையும் பாதியில் நிற்க முடியாது, நீங்களும் கடன் வாங்காமல் இருக்க முடியாது.

ஒரிஜினல் சர்டிபிகேட்டை எந்தக் காரணத்துக்கும் தனிநபர் கையில் கொடுக்காதீர்கள். ஒரிஜினலைக் காலேஜ்கள் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சொல்லியிருப்பது உண்மைதான். ஆனால் பேரணாம்பட்டிலிருந்து பெங்களூருக்கு நான்கு தடவை அலைந்து, சண்டை போட்டு அதை வாங்குவதற்குள் இங்கே கவுன்சிலிங் முடிந்திருக்கும். பணம் கட்டினாலும் காலேஜ் பெயரில் இருக்கும் வங்கிக் கணக்கில்தான் கட்ட வேண்டும். கூகுள் பேயில் ஏஜெண்ட் நம்பருக்குப் போன பணத்துக்கு ரசீதும் கிடையாது, திருப்பிக் கேட்க ஆளும் கிடையாது.

நர்சிங் என்றால் நம் மாநிலத்திலேயே முறையான வழி இருக்கிறது. மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு, நர்சிங்கையும் மற்ற துணை மருத்துவப் பட்டப்படிப்புகள் பலவற்றையும் பிளஸ் டூ மார்க்கை வைத்தே கவுன்சிலிங்கில் நிரப்புகிறது, நீட் வேண்டாம். உயிரியல் முழுசாக, இயற்பியலிலும் வேதியியலிலும் பாதி என்று 200க்குக் கணக்கிட்டால் உங்கள் மகளுக்கு 71 கூட்டல் 23.5 கூட்டல் 29, மொத்தம் 123.5. இதற்கு அரசுக் கல்லூரி நர்சிங் சீட் எதிர்பார்க்க முடியாது. தனியார் கல்லூரிகளில் உள்ள அரசு ஒதுக்கீட்டு இடங்களும் இதே கவுன்சிலிங்கில்தான் வருகின்றன. அவற்றுக்குக் கட்டணம் நிர்ணயித்திருப்பதால் ஏஜெண்ட் சொல்லும் தொகையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். வேலூர் சிஎம்சி மருத்துவக் கல்லூரி தன் படிப்புகளுக்குத் தனியாக விண்ணப்பம் வாங்குகிறது, அதன் தேதி வேறு. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியில் லேப் டெக்னீஷியன் மாதிரியான டிப்ளமோ, சான்றிதழ்ப் படிப்புகளையும் விசாரியுங்கள். ஊருக்குள் மாடிக் கட்டடத்தில் ஒரு வருட ‘நர்சிங் டிப்ளமோ’ போர்டு பார்த்திருப்பீர்கள். அதில் படித்தால் தமிழ்நாடு நர்சஸ் கவுன்சிலில் பதிவு கிடைக்காது. பதிவு இல்லையென்றால் எத்தனை வருடம் வேலை பார்த்தாலும் உதவியாளர்தான்.

அவளுக்கு நர்ஸ் வேலையில் மனசு இருக்கிறதா என்று உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை. ஏஜெண்ட் சொன்னதால் வந்த பேச்சு அது. இரவு ஷிப்ட், ரத்தம், மலச்சட்டி, கோபப்படும் நோயாளி – இதையெல்லாம் சொல்லிக் கேளுங்கள். சொந்தத்தில் நர்ஸ் யாராவது இருந்தால் அரை மணி நேரம் பேச விடுங்கள்.

கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் விஷயத்தில் உங்களுக்குத் தெரியாத ஒரு நல்ல செய்தி இருக்கலாம். ஆறிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதில் கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டும். மேனேஜ்மென்ட் சீட்டில் சேர்ந்துவிட்டுப் பிறகு இதைக் கேட்க முடியாது. கணக்கு முழுசாக, இயற்பியலும் வேதியியலும் பாதியாகப் பார்த்தால் 200க்கு அவள் கட்-ஆஃப் 104.5 வருகிறது. பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, பட்டியல் வகுப்பினருக்கு மூன்று பாடச் சராசரி 40 சதவீதமும் மற்றவர்களுக்கு 45 சதவீதமும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். இவளுக்கு 52க்கு மேல் இருக்கிறது. பாகாயத்தில் உள்ள தந்தை பெரியார் அரசு பொறியியல் கல்லூரி இந்த மார்க்கில் எட்டாது. கடைசிச் சுற்றில் தனியார் கல்லூரிகளில் இடம் கிடைக்கலாம்.

கிடைக்கும் என்பதற்காகவே எடுக்க வேண்டுமா என்பதில்தான் எனக்குத் தயக்கம். முதல் செமஸ்டரிலேயே அணிகளும் நுண்கணிதமும் இயற்பியலும் வரும். 90க்கு 42, 70க்கு 17 என்ற அடித்தளத்தில், பாடமும் ஆங்கிலத்துக்கு மாறும்போது, அரியர் விழ வாய்ப்பு அதிகம். ஃபீஸ் இலவசம் என்றாலும் அவளுடைய நான்கு வருடம் இலவசம் இல்லை. அதற்காக வேண்டாம் என்று கதவைச் சாத்தவும் வேண்டாம். அவள் உடம்பும் மனசும் கொஞ்சம் தேறியதும் பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தில் அணிகள், தொகை நுண்கணிதம் இரண்டு பாடத்தையும் ஒரு வாரம் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், டியூஷன் இல்லாமல், விடைநூல் இல்லாமல். தேர்வுப் பயத்தால்தான் மார்க் போனது என்றால் பாதிக் கணக்குக்கு மேல் வந்துவிடும். முதல் படியே எடுக்க வரவில்லை என்றால் இன்ஜினியரிங்கை விட்டுவிடலாம், கம்ப்யூட்டரை விட வேண்டியதில்லை. பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸும் பி.சி.ஏ.வும் இருக்கின்றன.

கவுன்சிலிங்குக்குப் போவதானால் காலேஜ் வாரியாகப் பழைய கட்-ஆஃபையும், அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் செமஸ்டர் தேர்ச்சி சதவீதத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு விருப்பப் பட்டியல் போடுங்கள். தேர்ச்சி 20, 30 சதவீதத்தில் நிற்கும் காலேஜைப் பட்டியலில் சேர்க்கவே வேண்டாம். மற்றபடி எத்தனை விருப்பம் போட்டாலும் நஷ்டமில்லை. உண்மையில் எது முதலில் வேண்டுமோ அதை முதலில் போட வேண்டும், கிடைக்காதோ என்று பயந்து கீழே தள்ளக் கூடாது.

பலர் யோசிக்காத இன்னொரு பாதை, தொரப்பாடியில் உள்ள தந்தை பெரியார் அரசு பாலிடெக்னிக். கணக்கு, இயற்பியல், வேதியியல் எடுத்துப் பிளஸ் டூ பாஸ் செய்தவர்கள் டிப்ளமோ இரண்டாம் வருடத்தில் நேரடியாகச் சேரலாம். இரண்டே வருடத்தில் டிப்ளமோ கையில் வரும். செய்முறை அதிகம், கட்டணம் குறைவு. ராணிப்பேட்டை சிப்காட், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலைக்கும் போகலாம், மேலே படிக்க நினைத்தால் பி.இ. இரண்டாம் வருடத்தில் நுழையலாம். கூட்டிப் பார்த்தால் ஐந்து வருடம், ஒரு வருடம்தான் கூடுதல். அரியரோடு தள்ளாடும் பி.இ.யைவிட எனக்கு இது பிடிக்கும்.

எந்த முடிவுக்கு வந்தாலும், இப்போது உடனே செய்ய வேண்டியது அரசு கலைக் கல்லூரி விண்ணப்பம். தமிழ்நாடு முழுக்க உள்ள அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளம், ரிசல்ட்டை ஒட்டியே திறந்து சீக்கிரம் மூடிவிடும். இன்ஜினியரிங் வரட்டும், நர்சிங் வரட்டும் என்று காத்திருந்து இதை விட்டவர்கள் ஆகஸ்டில் அதிக ஃபீஸ் கட்டித் தனியாரில் சேர்கிறார்கள். அறிவியல் படிப்புகளுக்கு நான்கு முதன்மைப் பாட மார்க்கை 400க்குப் பார்ப்பார்கள். உங்கள் மகளுக்கு 228. கம்ப்யூட்டர் சயின்ஸுக்குப் போட்டி அதிகம். கணிதம், இயற்பியல், தாவரவியல், விலங்கியல் பக்கம் அவ்வளவு நெருக்கடி இருக்காது. உங்களுக்குப் பக்கம் குடியாத்தம் அரசு திருமகள் ஆலைக் கல்லூரி. வேலூரில் முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரி, வாலாஜாவில் அறிஞர் அண்ணா அரசு மகளிர் கல்லூரி இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். வேலூர்ப் பக்கத்துத் தனியார் கல்லூரிகளான ஊரிசு, ஆக்சீலியம், டி.கே.எம். ஆகியவற்றுக்குத் தனித்தனி விண்ணப்பம். அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘இந்த சீட் எய்டடா (அரசு உதவி பெறுவதா), செல்ஃப் ஃபைனான்ஸா (சுயநிதியா)?’ ஒரே காலேஜ், ஒரே படிப்பு என்றாலும் இரண்டுக்கும் ஃபீஸ் வெகுவாக வேறுபடும்.

அரசுக் கல்லூரியில் இடம் வந்தால் சேர்த்துவிடுங்கள். பிறகு நர்சிங்கோ இன்ஜினியரிங்கோ வந்தால் டி.சி. வாங்கிக்கொண்டு மாறலாம், நஷ்டம் பெரிதில்லை. என்னைக் கேட்டால் உங்கள் மகளுக்கு, மனசு இருந்தால், கவுன்சிலிங் வழியாக வரும் துணை மருத்துவப் படிப்பு முதலில். அடுத்து பாலிடெக்னிக் அல்லது அரசுக் கல்லூரி பி.எஸ்சி.; கணக்கு ஒரு வாரச் சோதனையில் தேறினால் இன்ஜினியரிங். கடைசி வார்த்தை அவளுடையதாக இருக்கட்டும், படிக்கப் போவது அவள்.

இதில் எதில் சேர்ந்தாலும், அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். அவள் பெயரில் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு வேண்டும், விண்ணப்பம் காலேஜ் மூலமாகப் போகும். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றுக்கும் இந்த வாரமே இ-சேவை மையத்தில் போடுங்கள். ஜூனில் தாலுகா ஆபீசில் கூட்டம் தாங்காது. ஆறு முதல் பிளஸ் டூ வரை இரண்டு பள்ளியில் படித்திருந்தால் இரண்டு தலைமையாசிரியரிடமும் சான்று வாங்குங்கள். மார்க் ஷீட்டில் உள்ள பெயரும் இனிஷியலும் ஆதாரில் உள்ளதும் ஒன்றா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் உதவித்தொகை நிற்கும்.

செல்போனை அவளிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தோழிகளோடு பேச வழி இல்லாமல் போவதும் அவள் முடங்கிக் கிடப்பதற்கு ஒரு காரணம். தவிர, இந்த எல்லா விண்ணப்பத்துக்கும் ஓடிபி, கவுன்சிலிங் அழைப்பு, ஒதுக்கீட்டு ஆணை மூன்றும் போனுக்கும் மெயிலுக்கும்தான் வரும். பிரவுசிங் சென்டர்காரர் அவசரத்துக்குத் தன் நம்பரையும் மெயிலையும் போட்டுவிடுவார். பிறகு அவர் கடை பூட்டியிருக்கும் ஞாயிற்றுக்கிழமையில் ஒதுக்கீட்டை ஏற்கக் கடைசி நாளாக இருக்கும். அவள் நம்பர், அவள் பெயரில் ஒரு மெயில், பாஸ்வேர்டை நோட்டில் எழுதி வையுங்கள். செப்டம்பர் வரை ரீசார்ஜ் தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.